வாட்டர்ஜெட் பராமரிப்பு போர்வெல்லில் தொடங்குகிறது

மணல் கலந்த தண்ணீரை மிக வேகமாகப் பாய்ச்சிக் கல்லையும் உலோகத்தையும் அறுக்கும் வாட்டர்ஜெட் கட்டிங் இயந்திரம் வைத்திருப்பவர்களிடம் எதற்கு அதிகம் செலவாகிறது என்று கேட்டால், கார்னெட் மணலையும் நாசிலையும்தான் முதலில் சொல்வார்கள். பில்களைக் கூட்டிப் பார்த்தால் அது சரிதான். ஆனால் அந்த நாசில் ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்ந்தது, கசிவைத் தடுக்கும் சீல் ஏன் அடிக்கடி போகிறது, வெட்டு முகம் ஏன் திடீரென்று சாய்கிறது என்று ஒரு படி பின்னால் போய்க் கேட்டால், பல நேரம் பதில் பட்டறைக்கு வெளியே இருக்கும் போர்வெல்லில் கிடைக்கும். சேலத்தில் இது இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம். இங்கே பூமியே தண்ணீருக்குள் கரைகிற பூமி.

இயந்திரம் வேலை செய்யும் விதத்தை முதலில் பார்த்துவிடலாம். இப்போது புழக்கத்தில் இருப்பவற்றில் பல, இன்டென்சிஃபையர் பம்ப் வைத்தவை. ஒரு மோட்டார் ஹைட்ராலிக் ஆயிலைச் சுமார் 200 பார் அழுத்தத்துக்கு ஏற்றுகிறது. அந்த ஆயில் ஒரு பெரிய பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனோடு சேர்ந்த மெல்லிய பிளஞ்சர் தண்ணீரைத் தள்ளுகிறது. இரண்டின் பரப்பளவுக்கும் இடையே ஏறக்குறைய இருபது மடங்கு வித்தியாசம் இருப்பதால், தண்ணீர் 4,000 பாரைத் தாண்டிவிடுகிறது. பட்டறை மொழியில் 60,000 பி.எஸ்.ஐ. அந்த அழுத்தத்தில் தண்ணீரே பத்து சதவீதத்துக்கு மேல் சுருங்கிவிடும். பிஸ்டன் திரும்பும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் லேசாகத் தாழும் என்பதால், அதைச் சமப்படுத்த அட்டெனுவேட்டர் என்ற தடித்த உருளை ஒன்று வழியில் இருக்கும்.

அங்கிருந்து தண்ணீர் கட்டிங் ஹெட்டுக்கு வருகிறது. அங்கே ரூபி, சஃபையர் அல்லது வைரத்தில் செய்த ஆரிஃபிஸ். அதன் துளை 0.25 முதல் 0.35 மி.மீ. வரைதான். அதற்குள் நுழையும் தண்ணீர் வினாடிக்கு 900 மீட்டர் அளவுக்கு வேகமெடுத்து வெளியே வருகிறது. அந்த வேகம் உண்டாக்கும் வெற்றிடம் பக்கத்துக் குழாயிலிருந்து கார்னெட்டை இழுத்துக்கொள்கிறது. இரண்டும் கலந்து டங்ஸ்டன் கார்பைடு நாசில் வழியாகப் பாய்ந்து கல்லையும் எஃகையும் அறுக்கின்றன. வெறும் தண்ணீரால் ரப்பர், ஃபோம் போன்ற மென்மையான பொருள்களைத்தான் வெட்ட முடிந்தது. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் முகமது ஹாஷிஷ் என்ற பொறியாளர் அமெரிக்காவில் மணலைக் கலக்கும் முறையை உருவாக்கிய பிறகுதான் கிரானைட்டும் ஸ்டெயின்லெஸ் தகடும் இந்த இயந்திரத்தின் மேசைக்கு வந்தன.

இதில் தேயாத பாகம் என்று எதுவும் இல்லை. ஆனால் தேய்வது எல்லாம் ஒரே காரணத்தால் தேய்வதில்லை. நாசில் மணலால் தேய்கிறது. சீல் வெப்பத்தாலும் அழுக்காலும் போகிறது. சிலிண்டர் லட்சக்கணக்கான தடவை அழுத்தம் ஏறி இறங்குவதால் சோர்ந்து வெடிப்பு விடுகிறது. ஆரிஃபிஸ் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பால் கெடுகிறது. காரணத்தைப் பிரித்துப் பார்க்காமல் பாகத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால், அதே பாகம் அதே வேகத்தில் திரும்பவும் போகும்.

இப்போது தண்ணீருக்கு வருவோம்.

சேலத்துக்கும் ஏற்காடு அடிவாரத்துக்கும் இடையில் வெள்ளைக்கல் எடுக்கும் கரடுகள் இருப்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அந்த வெள்ளைக்கல் மேக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். மக்னீசியம் நிறைந்த பழைய பாறைகள் மாற்றமடைந்துதான் அது உருவானது. சுற்றிலும் இருப்பது சார்னோகைட், நைஸ் போன்ற கடும் பாறைகள். இங்கே நிலத்தடி நீர் பாறை வெடிப்புகளில்தான் தேங்கி நிற்கிறது. ஆகவே போர் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம், சிலிக்கா எல்லாம் சேர்ந்தே வரும். மொத்தக் கரைதிடப் பொருளின் அளவு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டுவது இந்தப் பக்கம் அதிசயமில்லை. ஒரு தெரு தாண்டினால் எண் மாறும். கோடையில் தண்ணீர் ஆழத்துக்குப் போனதும் அதே போரிலேயே எண் மாறும். வீட்டில் வெந்நீர் அண்டாவின் அடியில் படியும் வெள்ளை உப்பைப் பார்த்தால் போதும். அதே உப்பு 0.35 மி.மீ. துளையின் விளிம்பில் படிந்தால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆரிஃபிஸின் மேல் விளிம்பு கூர்மையாக இருக்கும்வரை தண்ணீர் கண்ணாடிக் குச்சி மாதிரி நேராக வரும். விளிம்பில் ஒரு துணுக்கு உப்பு ஒட்டினாலும் அது ஒரு பக்கம் சாயும், அல்லது பிசிறடிக்கும். சாய்ந்த ஜெட் நாசிலின் நடுவில் போகாமல் ஒரு சுவரில் உரசும். நாசில் ஒரு பக்கமாகத் தேயும். வெட்டின் அகலம் கூடும், சாய்வு கூடும், வாடிக்கையாளர் பீஸைத் திருப்பி அனுப்புவார். நாசில் சரக்கு மட்டம் என்று சப்ளையரைத் திட்டுவதற்கு முன்னால், டி.டி.எஸ். மீட்டரை ஒரு தடவை தண்ணீரில் முக்கிப் பார்ப்பது நல்லது. நல்ல தண்ணீரில் வைர ஆரிஃபிஸ் ஆயிரம் மணி நேரம் வரை உழைக்கும். ரூபி, சஃபையர் என்றால் நூறு மணி நேரத்தை ஒட்டி. கெட்ட தண்ணீரில் இதில் பாதிகூட வராது.

இங்கே பலரும் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. சாஃப்ட்னர் போட்டுவிட்டோம், தண்ணீர்ப் பிரச்சினை முடிந்தது என்று நினைக்கிறார்கள். சாஃப்ட்னர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. கடினத்தன்மை போகும், டி.டி.எஸ். ஏறக்குறைய அப்படியே இருக்கும். சிலிக்காவை அது தொடுவதே இல்லை. சிலிக்கா படிந்தால் சாதாரண அமிலக் கழுவலுக்கும் எளிதில் அசையாது. சேலம் மாதிரி பாறை நீருக்கு சாஃப்ட்னரோடு ஆர்.ஓ.வும் தேவைப்படும்.

சரி, ஆர்.ஓ. போட்டாயிற்று. டி.டி.எஸ். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைப்பதும் தவறு. மிகச் சுத்தமான தண்ணீர் பசியோடு இருக்கும். போகிற வழியில் இருக்கும் உலோகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்ளும். உயர் அழுத்தக் குழாய், தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வு, சிலிண்டர் என எல்லாவற்றையும் அது அரிக்கும். அதனால் பம்புக்குள் போகும் தண்ணீரின் டி.டி.எஸ். 50-க்கும் 100-க்கும் இடையில் இருப்பதுதான் நல்ல அளவு. ஒரு உதாரணக் கணக்கு: ஆர்.ஓ. நீர் 30, சாஃப்ட்னர் நீர் 1,000 என்று வைத்துக்கொள்வோம். நூறு லிட்டரில் ஐந்து லிட்டர் மட்டும் சாஃப்ட்னர் நீரைக் கலந்தால் ஏறக்குறைய 78 வரும். கலக்க எடுப்பது நேரடி போர் தண்ணீராக இருக்கக் கூடாது. கடினத்தன்மை திரும்ப உள்ளே வந்துவிடும். போர் தண்ணீரை ஆண்டுக்கு இரண்டு முறை, ஒன்று கோடை உச்சத்தில், ஒன்று வடகிழக்கு மழை முடிந்ததும், ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். டி.டி.எஸ். மட்டும் கேட்டு வாங்காமல் சிலிக்காவையும் கடினத்தன்மையையும் தனித்தனியாகக் கேளுங்கள். 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணையிலிருந்து வரும் காவிரி நீர் பொதுவாக இந்தப் பாறை நீரைவிட மென்மையானது. பட்டறைக்கு அந்த இணைப்பு கிடைக்கிற இடத்தில் வேலை பாதி சுலபம். லாரித் தண்ணீர் வாங்குபவர்கள் ஒவ்வொரு லோடையும் அளந்துவிட்டுத்தான் தொட்டியில் விட வேண்டும். எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்பது லோடுக்கு லோடு மாறலாம்.

தண்ணீரில் இன்னொன்று, வெப்பம். பம்புக்குள் நுழையும் நீர் 25 டிகிரிக்குக் கீழே இருந்தால் சீல்கள் நீண்ட நாள் உழைக்கும். சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும். மொட்டை மாடியில் கறுப்பு பிளாஸ்டிக் டேங்க் வைத்து, அங்கிருந்து நேராக பம்புக்கு இணைப்பு கொடுத்திருந்தால் மதியம் மூன்று மணிக்கு உள்ளே போவது வெந்நீர். உயர் அழுத்த சீல் பாலிஎத்திலீன் வகைப் பொருள். சூட்டில் இளகி, இடுக்கில் பிதுங்கி, பிய்ந்துவிடும். கோடையில் சீல் செலவு கூடுவதை பலர் விதி என்று ஏற்றுக்கொள்கிறார்கள். தொட்டியைத் தரைக்குக் கீழே சம்ப்பாக மாற்றினாலோ, குறைந்தது மேலே ஒரு கூரை போட்டாலோ கணிசமாகக் குறையும். சில்லர் வைக்க வசதி இருந்தால் இன்னும் நல்லது. ஹைட்ராலிக் ஆயிலுக்கும் இதே கதைதான். 45 டிகிரியை ஒட்டி ஓட வேண்டிய ஆயில் 55-ஐத் தாண்டி ஓடினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். கூலரின் மேல் படிந்திருக்கும் தூசியை வாரம் ஒருமுறை ஊதிவிடுவது ஐந்து நிமிட வேலை.

பம்புக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர்கள் பொதுவாக 10 மைக்ரான், 1 மைக்ரான், அதற்கும் கீழே என்று வரிசையாக இருக்கும். ஃபில்டரின் இரு பக்க கேஜ்களிலும் அழுத்த வித்தியாசத்தைப் பார்த்து மாற்ற வேண்டும். அடைத்த ஃபில்டரோடு ஓட்டினால் பம்ப் தண்ணீருக்கு ஏங்கும், உள்ளே குமிழி உண்டாகி உலோகத்தைக் குதறும்.

அடுத்தது இன்டென்சிஃபையர். பழுதாகி நிற்பதற்கு முன்னால் அது நிறைய அறிகுறிகளைக் காட்டுகிறது. ஒவ்வொரு உயர் அழுத்த இணைப்பிலும் பக்கவாட்டில் ஒரு சிறிய கசிவுத் துளை இருக்கும். உள்ளே எது தேய்ந்தாலும் தண்ணீர் அந்தத் துளை வழியாகத்தான் முதலில் எட்டிப் பார்க்கும். எந்தத் துளையில் சொட்டுகிறது என்று தெரிந்தால் எந்த சீல் என்று தெரிந்துவிடும். துளையைச் சாக்குத் துணியால் சுற்றி வைத்து தரை ஈரமாகாமல் பார்த்துக்கொள்கிற பட்டறைகள் இருக்கின்றன. கெட்ட பழக்கம் அது. முதல் எச்சரிக்கையையே மறைத்துவிடுகிறது.

இரண்டாவது, ஸ்ட்ரோக் எண்ணிக்கை. பிஸ்டன் இரண்டு பக்கமும் மாறி மாறித் தள்ளும், ஒவ்வொரு தள்ளலும் ஒரு ஸ்ட்ரோக். புது சீல், தெரிந்த அளவு ஆரிஃபிஸ், குறிப்பிட்ட அழுத்தம் என்று வைத்து நிமிடத்துக்கு எத்தனை ஸ்ட்ரோக் என்று ஒரு தடவை எண்ணி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே ஆரிஃபிஸுக்கு எண் கூடினால் எங்கோ தண்ணீர் நழுவுகிறது என்று பொருள். ஒரு பக்கம் மெதுவாகவும் மறுபக்கம் வேகமாகவும் அடித்தால், வேகமாக அடிக்கும் பக்கத்தில் சீலோ செக் வால்வோ கசிகிறது. மூன்றாவது, சூடு. 4,000 பாரிலிருந்து நழுவும் தண்ணீர் தன் ஆற்றலை வெப்பமாக இறக்கிவிட்டுப் போகும். “அண்ணா, இடது பக்கம் எண்ட் கேப் சூடா இருக்குதுங்க” என்று ஒரு ஆபரேட்டர் சொன்னால் அந்த நிமிடமே போய்ப் பார்க்க வேண்டும். கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லாமல் ஒரு இன்ஃப்ராரெட் வெப்பமானி வாங்கிக் கொடுங்கள்.

சீல் மாற்றும் வேலையில் சுத்தம்தான் பாதி வேலை. ஒரே ஒரு கார்னெட் துகள் பிளஞ்சரின் மேல் ஒட்டியிருந்தாலும் புது சீலில் கோடு விழும். அந்தக் கோடு வழியாக மறுபடியும் கசியும். மணல் பறக்கும் இடத்திலிருந்து தள்ளி ஒரு மேசை, புதுத் துணி, கழுவிய கை. ஸ்டெயின்லெஸ் மரைகள் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளாமல் இருக்க ஆன்ட்டி சீஸ் பசை தடவியே முடுக்க வேண்டும், அதுவும் எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து. இன்னும் கொஞ்சம் இறுக்கினால் கசிவு நிற்கும் என்று பலமாக முடுக்குவதால் கூம்பு முனை நசுங்கி, நல்ல குழாயும் வீணாகிறது. ஒரு பக்க சீல் போனால் மறு பக்கத்தையும் சேர்த்து மாற்றிவிடுவது என் கருத்தில் லாபம். இரண்டும் ஒரே அளவு உழைத்தவை, அடுத்த வாரம் இன்னொரு முறை பம்பைப் பிரிப்பதைவிட இது மலிவு.

நாசிலுக்கு எளிய வழக்கம் ஒன்று போதும்: ஷிப்ட்டுக்கு ஒருமுறை கால் சுற்று திருப்பி விடுவது. தேய்வு ஒரே பக்கம் சேராமல் வட்டமாகப் பரவும். 0.76 மி.மீ. துளையோடு தொடங்கிய நாசில் எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதை அளவுக் கம்பி செருகிப் பார்த்தால் தெரியும். ஒரு கல்லுக்குள் இன்னொன்றைப் பதிக்கும் நுண்ணிய கிரானைட் இன்லே வேலைக்கு ஒத்துவராத நாசில் தடித்த ரப்பர் ஷீட் வெட்ட இன்னும் கொஞ்ச நாள் உதவும். தூக்கி எறிய வேண்டாம், தேதியெழுதி ஒதுக்கி வையுங்கள்.

கார்னெட்டைப் பற்றித் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி கடற்கரை மணலில் கிடைக்கும் சிவந்த தாது அது. 2013-இல் மாநில அரசு கடற்கரைத் தாது மணல் அள்ளுவதற்குத் தடை விதித்தது. இன்று சரக்கு எந்த வழியாக வந்தாலும், மூட்டைக்கு மூட்டை தரம் ஒன்றாக இருக்கும் என்று நம்பி இருக்கக் கூடாது. மூட்டையைப் பிரித்ததும் சலித்துப் பாருங்கள். நாசில் துளையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெரிய துகள் இருந்தால் இரண்டு துகள்கள் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். 80 மெஷ் (சல்லடைக் கண் அளவு) சரக்கு என்றால் பெரும்பாலும் இந்த எல்லைக்குள் வரும், ஆனால் மூட்டை நூலும் சாக்குப் பிசிறும் எந்த மெஷ்ஷிலும் அடங்காது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மணல் கட்டி தட்டும். தரையிலிருந்து உயர்த்திப் பலகை மேல் அடுக்குவது அவசியம். மணல் ஓட்டத்தை மாதம் ஒருமுறை, ஒரு நிமிடம் ஒரு டப்பாவில் பிடித்து எடை போட்டுப் பார்க்கவும். திரையில் காட்டும் எண்ணும் தராசு காட்டும் எண்ணும் ஒத்துப்போகாமல் பல மாதங்கள் ஓடுகிற இயந்திரங்கள் உண்டு.

நிமிடத்துக்கு 400 கிராம் மணல் என்றால் மணிக்கு 24 கிலோ, எட்டு மணி நேர ஷிப்ட்டுக்கு 192 கிலோ. இவ்வளவும் வெட்டும் மேசைக்குக் கீழே ஜெட்டைத் தாங்கும் தண்ணீர் டேங்கின் அடியில்தான் போய்ச் சேருகிறது, கூடவே அறுத்த கல்லின் மாவும். சேறு மேலேறினால் ஜெட்டின் வேகத்தை அடக்க வேண்டிய தண்ணீரின் ஆழம் குறைகிறது. ஜெட் டேங்கின் அடித் தகட்டையே தொட ஆரம்பிக்கும். சேலம் உருக்காலை இருக்கும் ஊரில் ஸ்டெயின்லெஸ் வேலை நிறைய வரும் என்பதால் ஒரு எச்சரிக்கை: சாதாரண இரும்பை அறுத்த அதே டேங்கில், தகட்டைத் தாங்கும் அதே துருப்பிடித்த பட்டைகளின் மேல் ஸ்டெயின்லெஸ் தகட்டைப் போட்டால் இரும்புத் துகள் அதன் மேல் ஒட்டி, சில நாளில் துருக்கறை தெரியும். ஆர்.ஓ.விலிருந்து கழியும் உப்பு நீரை வீணாக்காமல் டேங்கில் விடுகிறோம் என்பவர்கள் கிரானைட் மட்டும் அறுத்தால் பரவாயில்லை. ஸ்டெயின்லெஸ்ஸுக்கு அதில் உள்ள குளோரைடு ஆகாது. வெட்டி எடுத்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். கழித்த சேற்றை ஓடையில் கொட்டுவது எந்தக் காரணத்தாலும் சரியாகாது. சேர்வராயன் மலையிலிருந்து இறங்கி ஊருக்குள் ஓடும் திருமணிமுத்தாறு ஏற்கெனவே படாத பாடு படுகிறது.

கட்டிங் ஹெட்டை நகர்த்தும் அச்சுகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அவற்றை மூடியிருக்கும் மடிப்பு உறையான பெல்லோஸ் கிழிந்திருக்கிறதா என்று தினமும் ஒரு பார்வை, சொன்ன நேரத்துக்குச் சொன்ன கிரீஸ். கிழிந்த பெல்லோஸுக்குள் போகும் கார்னெட், அச்சை நகர்த்தும் பால் ஸ்க்ரூவைத் தின்றுவிடும்.

ஆனால் பாதுகாப்பைப் பற்றி வேகமாகக் கடந்து போக முடியாது. அழுத்தம் இருக்கும்போது கசியும் இணைப்பை ஸ்பேனர் வைத்து முடுக்கக் கூடாது. பம்பை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கி, கேஜ் பூஜ்யம் காட்டியதும்தான் கை வைக்க வேண்டும். இந்த ஜெட் கையில் பட்டால் வெளியே தெரியும் காயம் ஊசி குத்தியது போலச் சிறிதாகவே இருக்கும். ரத்தம்கூட அதிகம் வராது. உள்ளே தண்ணீரும் மணலும் தசை இடுக்கு வழியாகத் தொலைவு போயிருக்கும். அழுக்கு டேங்க் நீரின் கிருமிகளும் போயிருக்கலாம். பிளாஸ்திரி ஒட்டி வீட்டுக்கு அனுப்பினால் விரலோ கையோ போகும் அபாயம் உண்டு. உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், உயர் அழுத்தத் தண்ணீர் உடம்புக்குள் ஏறியிருக்கிறது, அழுத்தம் 60,000 பி.எஸ்.ஐ. என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கும் அது சாதாரணக் கீறலாகத் தெரியலாம். இதைத் தமிழில் ஒரு அட்டையில் அச்சிட்டு ஒவ்வொரு ஆபரேட்டரின் சட்டைப் பையிலும் வைக்கச் சொல்லுங்கள். இந்த ஊர்ப் பட்டறைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் பலர் இருபதைத் தாண்டாதவர்கள். அவர்களுக்கு இதை யாராவது உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, இந்த வேலைகளை எப்போது செய்வது? ஆர்டர் நெருக்கும்போது இயந்திரத்தை நிறுத்த யாருக்கும் மனம் வராது. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளை முன்கூட்டியே நாளிதழில் அறிவிக்கிறது. காலை ஒன்பது மணியிலிருந்து மாலை வரை எப்படியும் இயந்திரம் நிற்கத்தான் போகிறது. சீல் மாற்றுவது, செக் வால்வைப் பிரித்துப் பார்ப்பது, டேங்கில் சேறு அள்ளுவது, ஃபில்டர் மாற்றுவது எல்லாம் பகல் வெளிச்சத்தில் செய்யக்கூடிய வேலைகள். மின்சாரம் வந்ததும் குறைந்த அழுத்தத்தில் ஓட்டிக் கசிவு பார்த்து, படிப்படியாக ஏற்ற வேண்டும். மணலைத் திறப்பதற்கு முன்னால் வெறும் தண்ணீர் ஓடும்போது மணல் குழாயில் உறிஞ்சு இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். அறிவிக்காமல் நடுவில் மின்சாரம் போன நாள்களில் இது இன்னும் முக்கியம். குழாயில் ஈரம் ஏறி மணல் கட்டியாகியிருக்கும்.

அந்த ஒரு நாளுக்குள் வேலை முடிய வேண்டுமென்றால் உதிரி பாகம் கையில் இருக்க வேண்டும். ஒரு ஜோடி சீல் கிட், ஒரு செக் வால்வு செட், இரண்டு ஆரிஃபிஸ், இரண்டு நாசில், ஒரு வரிசை ஃபில்டர். இவை அலமாரியில் முன்கூட்டியே இருக்கட்டும், எடுத்தவுடன் மறுபடி வாங்கி வைக்கட்டும். பக்கத்திலேயே ஒரு நோட்டு: தேதி, பம்ப் மணி, டி.டி.எஸ்., ஸ்ட்ரோக், மாற்றிய பாகம், மாற்றியவர் பெயர்.